சைகை பழகினால் பேச்சு வராதா?

சகோதரி, சைகை மொழி பழகினால் காது கேளாத உங்கள் இரண்டு வயது மகளுக்குப் பேச்சே வராது என்கிறார் மாமியார், சுங்கை சிப்புட்டில் வகுப்பும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் வேண்டாம். சைகை பேச்சைக் கெடுக்காது. எந்த மொழியும் எட்டாமல் பிள்ளை வளர்வதுதான் ஆபத்து. காதுக்கருவி இருந்தால் அதுவும் கூடவே தொடரட்டும்.

வகுப்புக்குக் காத்திருக்காமல் சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள். எதிரே உட்கார்ந்து வாழைப்பழத்தை உங்கள் முகத்தருகே பிடியுங்கள். அவள் கண் உங்கள் பக்கம் திரும்பிய பிறகே சைகை காட்டுங்கள். பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கை சொல்வது அவளுக்குப் போய்ச் சேராது. முகபாவமும் மொழிதான், கூச்சப்படாதீர்கள். மாமியாருக்குப் 'பால்', 'போதும்' மட்டும் கற்றுக்கொடுங்கள். பேத்தி திருப்பிக் காட்டட்டும், மிச்சத்தை அவரே கேட்பார்.

அப்புறம், காணொளி தேடும்போது அமெரிக்கச் சைகை நிறைய வரும். நீங்கள் பழக வேண்டியது நம் மலேசியச் சைகை மொழியான பஹாசா இஷாராத் மலேசியா. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்ட மொழி அது.