கருக்கலைப்பும் நாத்திகரும் – கடிதம்

அன்புள்ள தோழருக்கு,

மூன்று தலைமுறையாகப் பெரியார் வழியில் வந்த குடும்பம் எங்களுடையது. சாமி கும்பிடுவதில்லை, ஜாதகம் பார்ப்பதில்லை. சென்ற மாதம் என் அண்ணி மூன்று மாதக் கருவைக் கலைத்துவிட்டார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். வீட்டில் யாரும் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் மனதில் ஒரு நெருடல். ஆன்மா என்று ஒன்று கிடையாது என்றால் கரு வெறும் சதைதானே? மதத்தின் மிச்சம் எங்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? நாத்திகனுக்கு இதில் ஒரே நிலைப்பாடுதானே இருக்க முடியும்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

அப்படி ஒரே நிலைப்பாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடவுளை மறுத்த அரசுகளையே பாருங்கள். சோவியத் ரஷ்யா 1920இல் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்தது. 1936இல் ஸ்டாலின் அதைத் தடை செய்தார். 1955இல் மறுபடி அனுமதி. மூன்று முடிவுகளையும் எடுத்தது ஒரே கட்சி.

ருமேனியாவின் கதை இன்னும் கொடுமை. மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966இல் அந்நாட்டின் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்கு 770ஆம் எண் ஆணையைக் கொண்டுவந்து கருக்கலைப்பைத் தடுத்தார். வேலை செய்யும் இடத்துக்கே மருத்துவர்களை அனுப்பி, பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்களா என்று சோதித்தார்கள். திருட்டுத்தனமாகக் கலைக்கப்போய் ஏறத்தாழ 10,000 பெண்கள் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 1989 டிசம்பரில் அவர் வீழ்ந்ததும் புதிய அரசு எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று அந்த ஆணையை நீக்கியது. சீனா இதற்கு நேரெதிர். ஒற்றைப் பிள்ளைக் கொள்கையின் பெயரால், பெற்றுக்கொள்ள விரும்பிய பெண்களையும் இழுத்துப்போய்க் கலைத்தார்கள். இந்த மூன்று நாடுகளிலும் பெண்ணின் வயிற்றை ஆண்டது மதம் அல்ல, அரசு.

தனிமனிதர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் மதம் சாராதவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் கருக்கலைப்பு சட்டப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் நியூயார்க் பத்திரிகையாளர் நாட் ஹென்டாஃப் நாத்திகர், பேச்சுரிமைக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவர், கருக்கலைப்பையும் அதே உறுதியோடு எதிர்த்தார். டான் மார்க்விஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1989இல் எழுதிய கட்டுரையில் ஆன்மாவையோ வேதத்தையோ துணைக்கு அழைக்கவே இல்லை. ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவர் வாழ்ந்திருக்கக்கூடிய எதிர்காலம் முழுவதையும் பறித்துவிடுவதால். கருவுக்கும் அப்படி ஓர் எதிர்காலம் உண்டே என்றார். சதைதானே என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. உங்கள் நெருடலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். அது மூடநம்பிக்கையின் எச்சம் அல்ல. உயிரை மதிக்கிறவனுக்கு வரவேண்டிய நெருடல்தான்.

ஆனாலும் மார்க்விஸை நான் ஏற்கவில்லை. அவருடைய வாதம் கருவின் எதிர்காலத்தைக் கணக்கில் எடுக்கிறது, அதைச் சுமக்கிறவளை எடுக்கவில்லை. ஜூடித் தாம்சன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971லேயே இதற்கு வழிகாட்டினார். கருவும் ஓர் ஆள்தான் என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டே தொடங்குகிறார். பிறகு ஒரு கற்பனையைச் சொல்கிறார்: நீங்கள் கண் விழிக்கும்போது, சிறுநீரகம் பழுதான புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரை உங்கள் உடலோடு இணைத்துவைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். இசைந்தால் அது உங்கள் பெருந்தன்மை. கட்டாயப்படுத்த யாருக்கு உரிமை? உங்கள் கடிதத்தில் அப்பாவின் மௌனம் இருக்கிறது, உங்கள் நெருடல் இருக்கிறது. அண்ணி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா?

நீங்கள் பெரியாரைச் சொன்னீர்கள். 1930களில் கர்ப்பத்தடையைப் பலரும் ஆதரித்தார்கள். தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் சொன்னார்கள். பெண் விடுதலை பெறவும் தன் விருப்பப்படி வாழவுமே அது வேண்டும் என்றவர் பெரியார். கருத்தடை வேறு, கருக்கலைப்பு வேறுதான். ஆனால் முடிவு யாருடையது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. என் நிலைப்பாடு அங்கிருந்துதான் வருகிறது.

கரு வளர வளர அதன் தார்மீக எடையும் கூடுகிறது என்பதையும் நான் ஏற்கிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நினைவிருக்கும். இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், 26 வாரக் கரு. முதலில் அனுமதி கிடைத்தது. கரு உயிர்பிழைக்க வாய்ப்பு உண்டு என்று எய்ம்ஸ் மருத்துவர் எழுதியதும் விஷயம் திரும்ப அதே இரு நீதிபதிகளிடம் வந்தது. தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார் நீதிபதி ஹிமா கோலி. அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நீதிபதி நாகரத்னா. கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. கோலி, நாகரத்னா இருவரும் மதத்தை எங்கும் இழுக்கவில்லை. அந்த வழக்கில் நான் நாகரத்னா பக்கம், ஆனால் கோலியின் தயக்கத்தை அலட்சியம் செய்ய மாட்டேன். மூன்று மாதக் கருவில் எனக்கு அந்தத் தயக்கமும் இல்லை.

பெண் சிசு என்றால் கலைப்பதும் அவள் உரிமையா என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே பெரும்பாலும் முடிவெடுப்பவள் அவள் அல்ல. 1994இல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டமே, கணவனோ உறவினரோ வற்புறுத்தியதாகத்தான் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. நம் நாட்டில் கருக்கலைப்பு பெண்ணின் உரிமையாகவே இல்லை. தன் கருவைத் தானே கலைப்பவளும் தண்டனைச் சட்டப்படி குற்றவாளி. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் மருத்துவரின் கருத்தை நம்பி விலக்கு அளிக்கிறது, அவ்வளவுதான். தோழி ஒருவருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயிருந்தேன். முப்பது வயது தாண்டியவர், வேலைக்குப் போகிறவர். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்த படிவத்தை அந்தச் செவிலியர் கையில்கூட வாங்காமல் விரலால் திருப்பித் தள்ளினார். "சார் கையெழுத்து எங்கம்மா?" சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன், மாமனார் யார் கையெழுத்தும் தேவையில்லை. உங்கள் அப்பாவுக்குத் தெரியாவிட்டால் இதை அவரிடம் சொல்லுங்கள்.