துடைக்கலாம், தேய்க்கக் கூடாது: பழைய பேனாக்கத்தி கேள்வி-பதில்

கேள்வி: தாத்தா பயன்படுத்திய பேனாக்கத்தி ஒன்று கிடைத்தது. இரண்டு அலகுகளும் துருவேறி இறுகிக் கிடக்கின்றன. இழுத்தால் என் நகம்தான் உடைகிறது. குறடு வைத்து இழுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குறட்டின் பல் பதிந்த தழும்பு அலகை விட்டுப் போகாது. இறுகிய அலகை முரட்டுத்தனமாக இழுத்தால் நகம் வைக்கும் பள்ளத்தின் ஓரமாக அலகே ஒடியலாம், கைப்பிடியின் முதுகில் இருந்து அலகை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் விரிசல் விடலாம். ஸ்பிரிங் போய்விட்டால், ஆணிகளை எடுத்துக் கைப்பிடியைப் பிரிக்காமல் அதை மாற்ற வழியில்லை.

தையல் மெஷின் எண்ணெயும் பல் குத்தும் குச்சியும் போதும். கத்தியின் திறந்த பக்கம் மேலே பார்க்கும்படி நிறுத்தி, அலகு சுழலும் மூட்டில் குச்சி முனையால் ஒரு சொட்டு விடுங்கள். முழுக் கத்தியையும் எண்ணெயில் முக்கி வைக்காதீர்கள். எலும்புக் கைப்பிடி எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும். மறுநாள் இன்னொரு சொட்டு. மூன்றாம் நாள் தடித்த துணியால் பிடித்து, லேசாக அசைத்துப் பாருங்கள். நூலிழை அசைந்தாலும் அது வெற்றிதான். உடனே மூடி, மறுபடி எண்ணெய் விடுங்கள். மூட்டிலிருந்து செங்காவி நிறத்தில் சேறு போல ஒன்று கசியும். அதை ஒற்றி எடுங்கள். திறப்பது, மூடுவது, ஒற்றுவது என்று கசிவு தெளிவாகும்வரை செய்ய வேண்டும். ஒரு கத்திக்கு எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் அது ‘டக்’கென்று திறந்து நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: மூட்டு விடுபட்டதும் ஸ்பிரிங் திடீரென உயிர்பெறும். அலகு மூடும் வழியில் விரல் இருக்கக் கூடாது. சமையல் எண்ணெயும் வேண்டாம், அது நாளடைவில் பிசினாகி மூட்டை மறுபடி இறுக்கிவிடும்.

கேள்வி: அலகு முழுக்கச் சாம்பலும் நீலமுமாகக் கறை. பளபளப்பாக்கினால் மதிப்பு கூடுமா?

பதில்: குறையும். கார்பன் எஃகு அலகு பல ஆண்டுகள் புழங்கும்போது இப்படிச் சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறமேறும். அது அலகைப் பிடித்த நோய் அல்ல, இறுக்கமாகப் படிந்த மெல்லிய படலம். சிவப்புத் துரு எளிதில் பிடிக்காமல் ஓரளவு காக்கவும் செய்கிறது. சேகரிப்பவர்கள் பலர் விரும்புவதும் இந்த நிறத்தைத்தான்.

நீக்க வேண்டியது சிவப்புத் துருவை மட்டும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும், வெள்ளைத் துணியில் ஒட்டும். அந்த இடத்தில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, செம்பு அல்லது பித்தளைத் துண்டின் விளிம்பால் சுரண்டுங்கள். பதமேற்றிய எஃகைவிடச் செம்பு மென்மையானது. துரு உதிரும், அலகில் கீறல் விழாது. அடியில் சிறு குழிகள் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். குழியை மறைக்க வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல எஃகைத்தான் தேய்த்தாக வேண்டும்.

தொடங்கிய காலத்தில் ஒரு நல்ல இங்கிலாந்துக் கத்தியை மோட்டார் சக்கரத்தில் கொடுத்தேன். கண்ணாடி போல மின்னியது. அலகின் அடியில் இருந்த முத்திரையில் பாதி எழுத்து காணாமல் போயிருந்தது. அதன் பிறகு எந்தப் பழைய கத்தியையும் சக்கரத்தின் பக்கம் நான் கொண்டுபோனதில்லை.

கேள்வி: கத்தியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அலகின் அடியில், மூட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கும் முத்திரையைப் படியுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, உருப்பெருக்கியால் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து வரும்.

நாட்டின் பெயர் ஒரு நல்ல துப்பு. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளில் ஊர்ப் பெயரோடு நாட்டுப் பெயரும் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை. நாட்டின் பெயர் இல்லாததாலேயே முந்தையது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கச் சந்தைக்குப் போகாத கத்தியாகவும் இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகு என்று முத்திரையிட்ட ஷெஃபீல்டு அலகை யாராவது ‘விக்டோரியா மகாராணி காலத்தது’ என்று விற்றால் வாங்காதீர்கள். ஹாரி பிரியர்லி அந்த ஊரில் அந்த எஃகை உருவாக்கியதே 1913இல்தான்.

சில நிறுவனங்கள் நம் வேலையை எளிதாக்கிவிட்டன. அமெரிக்காவின் ‘கேஸ்’ 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் ஏழு புள்ளி என்றால் 1973. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸை நிறுவியவர், 1909இல் தாயின் நினைவாக விக்டோரியா என்ற பெயரை வைத்தார். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ 1921இல் சேர்ந்தது. பிரெஞ்சு ஒப்பினெல் கத்தியில் அலகைப் பூட்டும் வளையம் வந்தது 1955இல். வளையம் இல்லை என்றதும் ‘அதற்கு முந்தையது’ என்று துள்ள வேண்டாம். 2 முதல் 5 வரையிலான சிறிய அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது.

முத்திரையும் உடம்பும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். உடம்பெல்லாம் தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்தது போலக் கூர்மையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: கைப்பிடி எலும்பா, தந்தமா, பிளாஸ்டிக்கா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்களே?

பதில்: குத்தாதீர்கள். அது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பிடிக்கும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது.

உருப்பெருக்கி போதும். எலும்பில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அவை ரத்த நாளங்கள் ஓடிய வழிகள். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலை போலத் தெரியும். தந்தம் என்று உறுதியானால், விற்கவோ நாடு கடந்து அனுப்பவோ முன் சட்டத்தைப் பாருங்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாடு கடுமையானது.

செல்லுலாய்டைக் கண்டுகொள்ள, கைப்பிடியை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வரும். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் அமில ஆவி விடும். அந்தக் கத்தியின் அலகு துருப்பிடிக்கும், பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பூக்கும், பக்கத்தில் உள்ள கத்திகளும் பாழாகும். என் பெட்டியில் அப்படி ஒன்றுக்கு இருபுறமும் இருந்த நான்கு கத்திகள் ஒரே மழைக்காலத்தில் செந்துரு பூசிக்கொண்டன. அன்றிலிருந்து செல்லுலாய்டு தனியாக, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் வெயிலும் அண்டாமல் இருக்கிறது. நொறுங்க ஆரம்பித்த செல்லுலாய்டை மீட்க முடியாது.

கேள்வி: கைப்பிடி முனைகளில் உள்ள வெள்ளை உலோகம் வெள்ளியா?

பதில்: பெரும்பாலும் நிக்கல் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. வெள்ளி துளியும் இல்லை. மென்துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: பழைய கத்தியைச் சாணை பிடிக்கலாமா?

பதில்: பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பிடிக்கலாம், கல்லில், கையால். மோட்டார் சாணையில் நொடிப்பொழுதில் விளிம்பு சூடேறும். நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அலமாரியில் வைக்கும் கத்தியைத் தீட்டவே வேண்டாம். ஒவ்வொரு தீட்டலுக்கும் அலகு கொஞ்சம் ஒல்லியாகிறது. வாங்குபவர் முதலில் அளப்பது அலகு எவ்வளவு மிச்சம் என்பதைத்தான்.

கேள்வி: தோல் உறையிலேயே வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிச்சமிருக்கும். உறையைத் தனியாக வையுங்கள். அலகில் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து, விரல் ரேகை படிந்திருந்தால் துடைத்து வையுங்கள். வியர்வையில் உள்ள உப்பு அலகில் அப்படியே ரேகையின் வடிவத்தில் துருவாகப் பதியும்.