காலக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகி, சூரமங்கலம்): என் பேத்தி 2024 பிப்ரவரி 29 அன்று பிறந்தாள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அவளுக்குப் பிறந்தநாள் என்று உறவினர்கள் சொல்லும்போது மனம் சங்கடப்படுகிறது. அந்த ஒரு நாளை எதற்காகப் பிப்ரவரியில் கொண்டுபோய் வைத்தார்கள்?

பதில்: சங்கடம் வேண்டாம், அம்மா. உங்கள் பேத்தி பிறந்த அன்று நம் கணக்கில் சோபகிருது ஆண்டு மாசி 17. மாசி ஆண்டுதோறும் வரும். அந்த மாதத்தில் அவளுடைய நட்சத்திரமும் தவறாமல் வரும். நட்சத்திரத்தைப் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்கிற வீட்டில் அந்தக் குழந்தைக்கு ஒரு பிறந்தநாள்கூடக் குறையப் போவதில்லை.

பிப்ரவரி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரோமானியர்களுக்கு ஆண்டின் முதல் மாதம் மார்ச். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்கு அவர்கள் மொழியில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என்பதே பொருள். அந்த வரிசையில் பிப்ரவரி கடைசி மாதமாக நின்றதால், கூட்டுவதையும் குறைப்பதையும் அங்கேயே செய்தார்கள். பருவங்கள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், சுமார் 45 நொடி ஆகின்றன. இந்த மிச்ச நேரத்தைக் கவனிக்காமல் விட்டால் நான்கு ஆண்டுகளில் பருவம் தேதிக்கு ஏறக்குறைய ஒரு நாள் பின்தங்கும். ரோமாபுரியில் கூட்ட வேண்டிய நாட்களைக் கூட்டாமல் விட்டுக் கணக்கு பெரிதும் விலகிப்போனதால், கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாள் கொண்டதாக நீட்டி, ஜூலியஸ் சீசர் கணக்கை நேராக்கினார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளர் அவருக்கு ஆலோசனை கூறினார். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. ஆனால் சீசர் இறந்தபின் அங்கிருந்த பூசகர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டிவிட்டார்கள். பின்னர் அகஸ்டஸ் பேரரசர் சில லீப் ஆண்டுகளை விட்டுவிட்டுத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

கேள்வி (வரலாற்று மாணவர், சேலம்): பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தது 1746 செப்டம்பர் 10 என்று ஒரு நூலிலும், செப்டம்பர் 21 என்று இன்னொரு நூலிலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. இரண்டும் ஒரே நாளைக் குறிப்பவை; அச்சுப் பிழை எதுவும் இல்லை.

சீசரின் விதி ஆண்டுக்கு 365¼ நாள் என்று கொண்டது. அது உண்மையான அளவைவிடச் சுமார் 11 நிமிடம் அதிகம். அற்பமாகத் தோன்றும் இந்தப் பதினோரு நிமிடம் 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடும். கி.பி. 325-இல் மார்ச் 21-ஐ ஒட்டி வந்த, பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளை அந்த நாளைக் கொண்டே கணிக்க வேண்டியிருந்ததால் திருச்சபை கவலைப்பட்டது. இத்தாலியின் தென்கோடியில் பிறந்த மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸ் ஒரு திட்டம் வகுத்தார்; அவர் இறந்தபின் கிளேவியஸ் என்ற சேசு சபைக் கணித அறிஞர் அதை நிலைநாட்டினார்; திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் அதை ஆணையாக வெளியிட்டார். அதன்படி 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை ஆயிற்று. கிழமை மட்டும் அறுபடாமல் தொடர்ந்ததைக் கவனியுங்கள். நூற்றாண்டின் முடிவு ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்ற விதியும் அப்போது சேர்ந்தது. அதனால்தான் 2000 லீப் ஆண்டு, 1900 லீப் ஆண்டு அல்ல, 2100-ம் அல்ல. 400 ஆண்டுகளில் 100 லீப் ஆண்டுகளுக்குப் பதிலாக 97 மட்டும் என்ற இந்தச் சிறு மாற்றம் பிழையை ஆண்டுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவாக ஆக்கிவிட்டது. மனித குலம் செய்த கணக்குகளில் இதைவிடச் சிக்கனமான திருத்தம் அரிது என்பது என் எண்ணம்.

பிரான்சு அதே ஆண்டு டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது. ரோமாபுரியின் ஆணை என்பதால் இங்கிலாந்து 170 ஆண்டுகள் ஏற்கவில்லை. 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாளைச் செப்டம்பர் 14 வியாழக்கிழமை என்று மாற்றித்தான் அது சேர்ந்துகொண்டது. அதுவரை புதுச்சேரியில் ஒரு தேதியும் சென்னையில் பதினொரு நாள் பின்தங்கிய வேறொரு தேதியும் நடந்தன. டேனியர்களின் தரங்கம்பாடி 1700-இலேயே மாறிவிட்டது. ஆகவே அக்காலத்துச் சோழமண்டலக் கரை ஆவணத்தைக் கையில் எடுத்தால், எழுதியவர் எந்த நாட்டுக் கும்பினியைச் சேர்ந்தவர் என்பதை முதலில் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டையும் மாதத்தையும் தேதியையும் சேர்த்தே எழுதியிருப்பது இத்தகைய குழப்பங்களைத் தீர்க்க இன்றும் உதவுகிறது.

நம் சேலம் பகுதி 1792-இல்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது என்பதால் இங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்கு முன் இப்பகுதியை ஆண்ட திப்பு சுல்தானும் ஒரு நாட்காட்டித் திருத்தக்காரரே. ஹிஜ்ரி ஆண்டுக்குப் பதிலாக நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டைத் தம் நாணயங்களில் பொறித்தார்.

கேள்வி (வாசகர், மேட்டூர்): ஆடிப் பதினெட்டு சில ஆண்டுகளில் ஆகஸ்ட் 2-ஆம் தேதியும் சில ஆண்டுகளில் 3-ஆம் தேதியும் வருகிறது. நம் தமிழ் நாட்காட்டியில் லீப் ஆண்டு கிடையாதா?

பதில்: உண்டு, ஆனால் அதற்குத் தனியாக விதி தேவைப்படவில்லை. சூரியன் மேஷ ராசியில் புகும் நேரத்தைக் கணித்து, அது சூரிய மறைவுக்கு முன்னால் என்றால் அன்றும், பின்னால் என்றால் மறுநாளும் சித்திரை 1 என்று வைக்கிறோம். மற்ற மாதங்களுக்கும் இதே முறைதான். வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி ஆண்டின் அளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. நாழிகைக்கு 24 நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கான இந்த விநாடிக்கு 24 நொடி, அந்த விநாடியில் அறுபதில் ஒரு பங்கு தற்பரை என்று கணக்கிட்டால், மிச்சம் 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. இந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சிற்சில வேளை மூன்றே ஆண்டுகளிலும் 366 நாள் கொண்ட ஆண்டைத் தானாகவே உண்டாக்கிவிடும். கூடுதல் நாள் ஒரே மாதத்தில் வந்து உட்காருவதில்லை என்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. ஆனிக்கு 32 நாள் வருவதும் மார்கழி 29 நாளில் முடிவதும் வேறு காரணத்தால்: ஆனியில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் மெதுவாக நகர்கிறது, மார்கழியில் மிக அருகில் விரைவாக நகர்கிறது. நாட்களின் எண்ணிக்கை வானத்தின் நடையை இவ்வளவு நேராகக் காட்டும் நாட்காட்டி நம்முடையது என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

பெருமைப்படும்போதே ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கில நாட்காட்டி பருவத்தைப் பின்பற்றுகிறது. நம்முடையது விண்மீன்களைப் பின்பற்றுகிறது. பூமியின் அச்சு, சுழலும் பம்பரம் தலையாட்டுவதைப் போல, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று சுற்றுவதால் இவ்விரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. நம் ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 24 நிமிடம் நீளமானது. ஏறக்குறைய 60 ஆண்டுகளில் இது ஒரு நாளாகிறது. அதாவது, பிரபவ முதல் அட்சய வரை ஒரு வட்டம் முடிவதற்குள் சித்திரை 1 பருவத்தில் ஒரு நாள் தள்ளிப் போய்விடுகிறது. விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தார்; அன்று 1863 ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22-இலேயே நடந்து முடிந்துவிடுகிறது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று நாம் சொல்வது, அவை இரண்டும் ஒன்றாக இருந்த பழைய காலத்தின் நினைவு.

கேள்வி (வாசகர், அஸ்தம்பட்டி): அரசிதழில் சக ஆண்டு என்று ஒன்று போடுகிறார்கள். அது யாருடைய நாட்காட்டி?

பதில்: இந்திய அரசின் தேசிய நாட்காட்டி. 1952-இல் இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த குழு, நாட்டில் புழங்கிய சுமார் முப்பது நாட்காட்டிகளை ஆராய்ந்து 1955-இல் அறிக்கை அளித்தது. 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்ரம் 1 என்று அது நடைமுறைக்கு வந்தது. சாஹா அதற்கு ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார். சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் வருவது ஆங்கில லீப் ஆண்டாக இருந்தால் சைத்ரத்துக்கு 31 நாள். ஆண்டும் மார்ச் 21-இலேயே தொடங்கும். பருவத்தோடு முழுவதும் பொருந்திய, குற்றம் சொல்ல முடியாத கணக்கு இது. ஆயினும் நம் சித்திரை ஏப்ரலில் தொடங்க, அதே பெயரின் வடமொழி வடிவமான சைத்ரம் மார்ச்சில் தொடங்கினால், திருவிழாவும் திருமணமும் எதைப் பார்த்து நடக்கும் என்ற கேள்வி மக்களிடம் எழுந்தது இயல்பே. தினசரி காலண்டர் தாளில் அது ஓரத்திலாவது இடம் பெறத் தகுதியானது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஏற்காடு): பருவமும் தமிழ்த் தேதியும் விலகுவதை என் மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில் மேகம் இல்லாத ஒரு நண்பகலில், பள்ளித் திடலில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். 12 மணி 15 நிமிடத்தை ஒட்டி, சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் சூரியன் சரியாக உச்சிக்கு வந்து, கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் இது நடக்கும். லீப் விதி பருவத்தைப் பிடித்து வைத்திருப்பதால் இந்த ஆங்கிலத் தேதிகள் பல நூற்றாண்டுகளுக்கு அநேகமாக மாறா. தமிழ்க் கணக்கில் அது இப்போது சித்திரை 7 வாக்கில் நிகழ்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாளாக விலகினால், நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் சென்றபின், ஏற்காட்டில் நிழல் ஒடுங்கும் நாள் பங்குனிக்குள் போய்விடும். குறிப்பேட்டில் ஆங்கிலத் தேதியையும் தமிழ்த் தேதியையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.