கடலுக்கு 150 அடியில் வீடு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் கரூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஈ.சி.ஆரில் கடப்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஒரு விடுமுறைக் குடில் திட்டத்தில் 2021-ல் நானும் கணவரும் சேர்ந்தோம். மொத்தம் 96 குடில்கள், தரைத்தளமும் மாடியுமாக. விலை 22 லட்சம். 18 லட்சம் கொடுத்துவிட்டோம். மொத்த நிலத்தில் 380 சதுர அடி பிரிபடாத பாகத்தை (எல்லை பிரிக்காத பங்கை) எங்கள் பெயருக்குக் கிரயம் செய்து கொடுத்தார்கள். கட்டுமான ஒப்பந்தம் மட்டும் 100 ரூபாய் முத்திரைத்தாளில், பதிவு இல்லாமல். 2023 டிசம்பரில் சாவி என்றார்கள்; இன்று வரை சுவர்தான் நிற்கிறது. சாவி தரும் வரை மாதம் 9,000 ரூபாய் வாடகை என்றதும் சில மாதங்களோடு நின்றது. கடைசியாகத் தந்த இரண்டு காசோலைகள் போன வாரம் பணமில்லாமல் திரும்பின. முன்வரிசைக் குடில்களுக்குக் கடலோர விதிமீறல் என்று நோட்டீஸ் வந்திருப்பதாகவும் கேள்வி. இப்போது நிறுவனம், வீட்டுக்குப் பதிலாக வருடத்துக்கு 21 இரவு வீதம் 25 வருடம் தங்க உறுப்பினர் அட்டை தருவதாகச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறது. போடலாமா? வீடு கிடைக்க வழி உண்டா?

பதில்: போடாதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய கடிதத்தின் ஏழாவது பத்தியைப் பாருங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொண்டு, மனையின் மீதான உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தின் உயிரே அதில்தான். இன்று நீங்கள் பதிவு செய்த கிரயப் பத்திரம் உள்ள நில உரிமையாளர். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீடு ஒதுக்கீடு பெற்றவர். கையெழுத்துப் போட்ட மறுநாள், அறை காலியாக இருந்தால் தங்கலாம் என்ற வாக்குறுதி ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். அதற்கும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை நிறுவனம் ‘அவ்வப்போது மாற்றியமைக்கும்’ என்று ஒன்பதாவது பத்தி சொல்கிறது. கட்டாத கட்டடத்தில் 21 இரவு எங்கே தங்குவது என்று அந்தக் கடிதம் எழுதியவருக்கே தெரியாது.

அடுத்து, கெடு ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து உங்களுக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். நோட்டீஸை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாமல், காசோலையில் கையெழுத்திட்ட இயக்குநருக்கும் அனுப்புங்கள். காசோலையைக் கரூரில் உங்கள் கணக்கில் போட்டதால் வழக்கும் கரூரிலேயே நடக்கும். சென்னைக்கு அலைய வேண்டியவர் நீங்கள் இல்லை, கரூருக்கு வர வேண்டியவர் அவர். மொத்தத்தில் 18,000 ரூபாய் விவகாரம்தான், ஆனால் பேச்சுவார்த்தைக்கு அவர்களை உட்காரவைக்க இதைவிடச் சீக்கிரமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, வீடு கிடைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில், நீலக் கடலுக்கு மேலே பெரிய எழுத்தில் ‘கடலுக்கு வெறும் 150 அடி!’ என்று போட்டிருக்கிறார்கள். 150 அடி என்பது ஏறத்தாழ 46 மீட்டர். விற்பதற்காகப் பெருமையாகப் போட்ட அந்த வரியே அவர்களுக்கு எதிரான சாட்சி.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட்., கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நீள்கிறது. கிராமப்புறக் கடலோரத்தில், 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம். புதிதாகக் குடில் கட்ட முடியாது. 2019 அறிவிக்கை கொஞ்சம் தளர்த்தியது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்த ஊர்களுக்கு 50 மீட்டர், மற்ற ஊர்களுக்கு அதே 200 மீட்டர். அந்தத் தளர்வும் புதிய கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் பொருந்தும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் 46 மீட்டர் உள்ளேதான் விழுகிறது. உங்கள் குடில் இரண்டாம் வரிசை என்கிறீர்கள்; இன்னொரு 20 மீட்டர் தள்ளி இருக்கலாம். அதனால் நிம்மதி அடைய வேண்டாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. தடைப் பகுதியைத் தாண்டினாலும், 500 மீட்டர் வரைக்கும் வெளியூர்க்காரர்கள் இஷ்டப்படி விடுமுறை வீடு கட்ட முடியாது. அங்கே குடியிருப்பு என்பது மீனவ கிராமம் போன்ற மரபுவழி உரிமை உள்ள இடங்களுக்கு, 9 மீட்டர் உயரம், இரண்டு தளம் என்ற வரம்போடு அனுமதிக்கப்பட்டது. ஓட்டல், ரிசார்ட் என்றால் தனி நிபந்தனைகளோடு முன் அனுமதி வாங்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிளான் இருக்கிறது என்று உங்கள் விற்பனை மேலாளர் சொன்னாராமே, அது இந்த விஷயத்தில் காகிதத்துக்குச் சமம். அதோடு, கடல் கிழக்கே இருக்கிறது என்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பக்கத்தில் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழிகளும் இருக்கின்றன. அலை ஏறி இறங்கும் நீர்நிலைக் கரைக்கும் கடலோர மண்டல விதிகள் உண்டு, தூரக் கணக்கு மட்டும் வேறு.

உயர் அலைக் கோடு என்பது நீங்கள் நின்று பார்க்கும் தண்ணீர் விளிம்பு இல்லை. அரசு அங்கீகரித்த அமைப்புகள் குறித்துத் தரும் கோடு அது. உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, கடலோர மண்டல அனுமதி தரப்பட்டதா, நோட்டீஸ் ஏதும் உண்டா என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். காவலாளி சொன்னதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் வைத்து வழக்கு நடத்த முடியாது.

அனுமதி இல்லை என்று பதில் வந்தால், ‘வீட்டைக் கட்டிக் கொடு’ என்று கேட்பது, இடிபடப்போகும் வீட்டை மீதி 4 லட்சமும் கொடுத்து வாங்கிக்கொள்வதுதான். கொச்சி மரடில் 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை வெடிவைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே பலர் வருடக்கணக்காகக் குடியிருந்தவர்கள். பத்திரம், மின் இணைப்பு எல்லாம் இருந்தது. கடலோர விதியை மீறியது என்பதால் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் வரை கிடைத்தது, வீடு போனது போனதுதான். ஆகவே என் யோசனை: வீட்டை மறந்துவிட்டுப் பணத்தை வட்டியோடு கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டுக்கு மேல் வீடுகளோ இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ‘விடுமுறைக் குடிலுக்கு ரெரா இல்லை’ என்று விளம்பரத்தில் பதிவு எண் போடாமல் தப்பித்தது அவர்கள் குற்றம், உங்கள் குறை இல்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கியதும் 13-வது பிரிவு மீறல். எனவே 100 ரூபாய் முத்திரைத்தாளை நினைத்துத் தயங்க வேண்டாம். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் 18-வது பிரிவில் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு விதிப்படி வட்டி, ஸ்டேட் வங்கியின் உச்சபட்ச எம்.சி.எல்.ஆர். (கடனுக்கான அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம். அசலும் வட்டியும் கேட்கப் படிவம் எம். மன உளைச்சல் போன்றவற்றுக்கு இழப்பீடு கேட்கத் தனியாகப் படிவம் என்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். மாத வாடகைக்கு ஆசைப்பட்டு வாங்கியவர் முதலீட்டாளர், நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே ஆரம்பிக்கும். அதை உடைக்க முடியும், ஆனால் அதற்கே ஒரு வருடம் போகும். ரெராவில் அந்த வாதத்துக்கு இவ்வளவு இடம் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே நிவாரணத்தைக் கேட்கக் கூடாது.

நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் இன்னொரு சிக்கல் வரும். ‘முதலில் பத்திரத்தை ரத்து செய்து கொடுங்கள், பிறகு பணம்’ என்பார்கள். கொடுக்காதீர்கள். ஒரு கையில் டி.டி., மறு கையில் மறுகிரயப் பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்திலேயே. அந்தச் செலவு அவர்களுடையது. 2021-ல் நீங்கள் கட்டிய 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் 4 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மொத்த நிலம் 1 ஏக்கர் 20 சென்ட், அதாவது 52,272 சதுர அடி. 96 குடிலுக்கும் 380 வீதம் என்றால் 36,480 தான் வருகிறது. மீதி 15,792 சதுர அடி, நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் வரும் என்று காட்டிய இடம், இன்னும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதை அவர்கள் விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஏற்கெனவே வைத்தும் இருக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு 2021 முதல் இன்று வரை வில்லங்கம் எடுத்துப் பாருங்கள். ரெரா புகாரோடு, அந்த மீதி நிலத்தை விற்கத் தடை கேட்டு ஓர் இடைக்கால மனுவும் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு உத்தரவு வாங்கினால் வசூலிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் கதை மாறும். அப்போது உங்கள் கோரிக்கையைக் குறித்த கெடுவுக்குள் தீர்வு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

காவலாளி உள்ளே விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிலத்தில் பங்கு உள்ளவரைத் தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனாலும் பூட்டில் கை வைக்காதீர்கள், சண்டையும் வேண்டாம். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போய், தேதி தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள். உள்ளே விடவில்லை என்றால் பூட்டிய கேட்டைப் படம் எடுத்தாலும் போதும்.