லுசேர்ன் ஃபாஸ்நாக்ட் மாலைக்குக் கைக்குழந்தையோடு போகலாமா?

கேள்வி: வேலை மாற்றலாகி சுவிட்சர்லாந்தில், லுசேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கில் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு 8 மாதம். மாமியாரும் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். வேஷமும் வாத்தியமுமாக நடக்கும் லுசேர்ன் ஃபாஸ்நாக்ட் திருவிழாவின் கடைசி நாள் மாலை ஊர்வலத்துக்கு எல்லோருமாகப் போக ஆசை. கணவரோ "அந்தச் சத்தத்துக்குள்ளே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டா?" என்கிறார். போகலாமா? வேஷம் போட்டுத்தான் ஆகவேண்டுமா? மாமியார் சுத்த சைவம், அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும்?

பதில்: போகலாம். ஆனால் உங்கள் கணவர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்ற இரண்டையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

முதலில் நாள். ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஆறு நாள்தான் லுசேர்ன் ஃபாஸ்நாக்ட். வியாழன் காலை 5 மணிக்கு வெடிச் சத்தத்தோடு தொடங்குகிறது, அதைக் குழந்தைகளோடு பார்க்க நினைக்கவே வேண்டாம். வியாழன், திங்கள் மதியங்களில் பெரிய ஊர்வலங்கள் உண்டு. நீங்கள் சொல்வது செவ்வாய் மாலை நடக்கும் மான்ஸ்டர்கோர்சோ, அதில் வண்டிகளை விட வாத்தியக் குழுக்கள்தான் பிரதானம். ஈஸ்டர் ஞாயிறிலிருந்து 47 நாள் பின்னோக்கி எண்ணினால் அந்தச் செவ்வாய் கிடைக்கும். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28, ஆகவே பிப்ரவரி 9.

இனி சத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் குளிருக்கு ஆயிரம் ஏற்பாடு செய்துவிட்டுக் காதை மறந்துவிடுகிறார்கள். குக்கன்மூசிக் என்கிற இந்தக் குழுக்களில் சாதாரணமாக 30, 40 பேர் இருப்பார்கள், ட்ரம்பெட், ட்ராம்போன், தோளைச் சுற்றிக்கொண்டு மேலே வாய் பிளந்து நிற்கும் சூசஃபோன், பின்னால் வரிசையாக மேளங்கள், எல்லாம் சேர்ந்து முழு மூச்சில் வாசிக்கும்போது பக்கத்தில் நின்றால் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். உங்கள் மாமியாருக்குச் சொல்வதென்றால், உற்சவத்தில் தவில்காரருக்கு ஒட்டினாற்போல் நிற்பதைப் போல, அதுவும் பத்துத் தவிலுக்கு நடுவே. வேலையிடங்களுக்கான கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். இது வளர்ந்தவர்களுக்குப் போட்ட கணக்கு, குழந்தைக்கு இதைவிடக் கறாராகத்தான் இருக்க வேண்டும்.

நமக்குச் சாதகமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பழைய நகரத்தின் குறுகலான சந்துகளில் இது பலிக்காது, இரண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஊர்வலம் முடிந்ததும் குழுக்கள் அந்தச் சந்துகளுக்குள்தான் புகுந்து, ராத்ஹவுஸ் என்கிற நகர மன்றக் கட்டடத்தின் படிக்கட்டிலும் சின்னச் சின்ன முற்றங்களிலும் நின்று இரவெல்லாம் வாசிப்பார்கள். ஃபாஸ்நாக்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் இந்த வருடம் அது உங்களுக்கு இல்லை. நீங்கள் அகலமான சாலையில், முதல் வரிசையை விட்டுவிட்டு, பின்னால் ஒதுங்க ஒரு பக்கத் தெரு இருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். குழு நெருங்கும்போது பெரியவர் ஒருவர் சின்னவனை அந்தத் தெருவுக்குள் நாலு எட்டு தூக்கிக்கொண்டு போய்விட்டால் போதும்.

காதுக் கவசம் இரண்டு குழந்தைகளுக்கும் கண்டிப்பாக வேண்டும். கைக்குழந்தைக்கென்றே மெத்தென்ற தலைப்பட்டையோடு விற்கிறார்கள். பஞ்சு அடைப்பதால் பெரிய பயன் இல்லை. நுரை அடைப்பான்கள் சின்னவன் கைக்கு எட்டவே கூடாது, நேரே வாய்க்குத்தான் போகும். போட்டுவிடும் முறையைக் கவனியுங்கள்: கம்பளித் தொப்பிக்கு மேல் கவசத்தை மாட்டினால் இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். கவசம் முதலில், தோலோடு ஒட்டி, முடியை ஒதுக்கிவிட்டு. தொப்பி அதற்கு மேல். மூத்தவள் வேஷத்துக்கு விக் வைத்தாலும் இதே விதிதான். நாலு நாள் முன்பே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள், அங்கே போய் முதல் தடவை மாட்டினால் சின்னவன் பிடுங்கி எறிவான்.

தள்ளுவண்டி வேண்டாம். கூட்டத்தில் நகராது, அதில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகம் எல்லோருடைய இடுப்பு உயரத்தில், சிகரெட்டும் கோப்பையும் இருக்கும் மட்டத்தில் வரும். முகம் உங்கள் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். பறந்து வரும் காகிதத் துணுக்குகளும் வாய்க்குள் போகாது.

வேஷம் கட்டாயமில்லை. ஆனால் அன்றைக்கு ஊரே வேஷத்தில் இருக்கும்போது சாதாரண கோட்டில் நிற்பவர்கள்தான் வித்தியாசமாகத் தெரிவார்கள். மகளுக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கி, பனிக்கோட்டுக்கு மேலேயே மாட்டிவிடுங்கள். மாமியாரின் புடவையைச் சிலர் வேஷம் என்றே நினைத்து ஆஹா ஓஹோ என்பார்கள், அது அவருக்குச் சிரிப்பாக இருக்குமா சங்கடமாக இருக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தலைப்பாகையும் பொட்டும் வைத்துக்கொண்டு "இந்தியர்" வேஷத்தில் யாராவது வரவும் கூடும். எனக்கு அது பிடிப்பதில்லை, அன்றைய கூட்டத்தில் நின்று வாதம் செய்வதும் இல்லை. மகள் கேட்டால் வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

அவளுக்கு நிஜமான தொல்லை முகமூடிகளாக இருக்கலாம். பேயும் சூனியக்காரியுமாக, மனிதத் தலையைப் போல இரண்டு மடங்கு பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள். வாசித்து முடித்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வியர்வையைத் துடைப்பார்கள், அந்த நேரத்தில் அவளுக்குக் காட்டுங்கள். உள்ளே ஒரு மாமா இருக்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். திங்கள் மதிய ஊர்வலத்துக்கு ஒரு நடை போய்வந்தால் இன்னும் நல்லது.

சாப்பாடு: வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஒரு ஃபிளாஸ்கில் பாலோ ரசமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்நாக்ட்ஷ்யூக்லி என்று மெல்லிசாகப் பொரித்துச் சர்க்கரைப் பொடி தூவிய பலகாரம் எங்கும் கிடைக்கும், ஆனால் அதில் முட்டை உண்டு. ராக்லெட் பாலாடைக்கட்டி வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது, சுத்த சைவம் என்றால் தவிர்ப்பார். சுட்ட கஷ்கொட்டை கிடைத்தால் தைரியமாக வாங்கிக் கொடுங்கள். அப்புறம், கண்ணாடி டம்ளரில் லைட் டீ மாதிரி ஆவி பறக்க ஒன்று தருவார்கள். அது காஃபி ட்ரெஷ்: நீர்த்த காபியில் ஆப்பிள், பேரிக்காய் சாராயம். குளிருக்கு இதமாக இருக்கும் என்று யாராவது மாமியார் கையில் கொடுத்துவிடப் போகிறார்கள்! குழந்தைகளுக்கு வாங்குவதானால் கிண்டர்புன்ஷ் என்று கேட்டு வாங்குங்கள், அதில் மது இல்லை.

மகளின் கையில் உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தொலைந்துபோனால் போலீஸ் எண் 117. பேருந்துகள் அன்று வேறு வழியில் திருப்பி விடப்படும் என்பதால் எம்மன்புரூக்கிலிருந்து ரயிலிலேயே வாருங்கள், சில நிமிடப் பயணம்தான். கடைசிக் குழு வரை காத்திருக்காமல், ஊர்வலம் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் ரயில் நிலையம் பக்கம் நகர ஆரம்பித்தால் கூட்டம் கலைவதற்கு முன்பே உட்கார இடம் கிடைக்கும். கணவருக்கு ஆசை இருந்தால் உங்களை ரயிலேற்றிவிட்டு அவர் மட்டும் அந்தச் சந்துகளுக்குள் போய்வரட்டும், அவரும் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொண்டுதான்.