மான் வேட்டைக்கு எந்தச் சப்ரசர்? வேதாரண்யம் தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு விஷயம். வேதாரண்யத்திலிருந்து நியூசிலாந்தின் சவுத்லாந்துக்கு மாட்டுப் பண்ணை வேலைக்கு வந்திருக்கீங்க, துப்பாக்கி உரிமமும் எடுத்தாச்சு. முதலாளி தன்னோட ஹோவா ரைஃபிளை (308 தோட்டா போடுறது) விலைக்குத் தர்றார். 22 அங்குலக் குழல், முனையில் மரை வெட்டாதது. கடையில் "35 டெசிபல் குறைக்கும்"னு ஒரு சப்ரசரைக் (குழல் முனையில் மாட்டுற சத்தக் குறைப்பான்) காட்டினாங்க, வாங்கலாமாங்கிறது முதல் கேள்வி. ஊரில் மாமாவோட ஒத்தைக் குழல் துப்பாக்கிக்கும் ஒன்று எடுத்துட்டுப் போகலாமா, கொல்லையில் பன்னித் தொல்லை தாங்கலங்கிறது ரெண்டாவது.

மாமா விஷயத்தை முதலில் முடிச்சிடுறேன். எடுத்துட்டுப் போகவே கூடாது. துப்பாக்கிச் சத்தத்தையோ முனை வெளிச்சத்தையோ குறைக்கிற கருவிகளை இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் தடைசெய்த வகையில் வெச்சிருக்கு. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருந்தாலும் அது துப்பாக்கிக்குத்தான், இதுக்கு இல்ல. அந்த உரிமத்தை வெச்சு பன்னியைச் சுட்டுக்கலாம்னும் அர்த்தம் இல்ல; வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, வனத்துறையைக் கேட்காம எதுவும் செய்ய முடியாது. கோடியக்கரை சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிற உங்க ஊரில் இதை யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க. போதாக்குறைக்கு, ரைஃபிள் சப்ரசர் சின்னச் சின்ன ஈய ரவை போடுற குழலுக்குப் பொருந்தவும் பொருந்தாது. இன்னொன்று: வேட்டைக்குத் தூக்குற பையை ஊருக்குப் போற பையா ஆக்காதீங்க. திருச்சி விமான நிலையத்தில் பக்கப் பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். மான் கொம்பும் வேண்டாம், படம் மட்டும் போதும்.

இங்கே நிலைமை வேற. மான் நியூசிலாந்தின் சொந்த விலங்கே இல்ல. எல்லாம் 19-ஆம் நூற்றாண்டிலும் அதுக்குப் பின்னும் கப்பலில் வந்து இறங்கினது. வடக்குத் தீவில் திரியுற கடமானின் மூதாதைகள் இலங்கையிலிருந்து வந்தவை. காட்டையும் மேய்ச்சலையும் அழிக்குதுங்கிறதால சுடுறதை யாரும் தப்பா பார்க்கறதில்ல. ரைஃபிள் உங்க பேருக்கு மாறினதும் 2023 ஜூனில் தொடங்கின பதிவேட்டில் ஏத்தணும். சப்ரசருக்குத் தனி அனுமதியும் கிடையாது, பதிவும் கிடையாது. பக்கத்து நாடுதானேன்னு ஆஸ்திரேலியாவுக்குப் பயணத்தில் எடுத்துட்டுப் போயிடாதீங்க, அங்கே சட்டம் ரொம்பக் கடுமை.

இப்போ வாங்குற விஷயம். பெட்டி மேல் போட்டிருக்கிற டெசிபலைக் கடைசியில் பாருங்க. முதலில் மரை, அப்புறம் நீளமும் எடையும், அப்புறம் உங்க தோட்டாவையும் குழல் நீளத்தையும் அது தாங்குமாங்கிறது. நல்ல தயாரிப்பு எதை எடுத்தாலும் 308-இல் 25-லிருந்து 30 சொச்சம் டெசிபல் குறைக்கும். அந்த எண்ணை ஒருத்தர் குழல் முனைக்குப் பக்கத்தில் மைக் வெச்சு அளப்பார், இன்னொருத்தர் சுடுறவர் காதருகே அளப்பார். ஒருத்தர் 24 அங்குலக் குழலில், இன்னொருத்தர் 16-இல். ரெண்டு பெட்டியையும் பக்கத்தில் வெச்சு "இது 35, அது 31"ன்னு ஒப்பிடுறதில் ஒரு பிரயோஜனமும் இல்ல.

அது என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சா கடைக்காரர் பேச்சை எடைபோட முடியும். தோட்டா வெடிச்சதும் குண்டுக்குப் பின்னாடி கடும் அழுத்தத்தில் சூடான வாயு வருது. அது ஒரேயடியா வெளிக்காத்தில் விரியறதுதான் 'டமார்'. சப்ரசருக்குள் அடுக்கியிருக்கிற பேஃபிள் தகடுகள் அந்த வாயுவை அறை அறையாத் திருப்பிவிட்டு, ஆறவிட்டு, மெதுவா வெளியே விடுது. மேட்டூர்த் தண்ணி கல்லணையில் நாலாப் பிரிஞ்சு வேகம் குறையற மாதிரி. ஆனா குண்டு தானே காத்தைக் கிழிக்கிற சத்தத்தை இதால் ஒன்றும் பண்ண முடியாது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்; 308 குண்டு 800-க்கு மேல் போகுது. அந்தச் 'சடக்' பக்கத்துப் பண்ணைவரைக்கும் கேட்கும். சினிமாவில் காட்டுற 'புஸ்' எல்லாம் நெசத்தில் இல்ல.

பின்ன எதுக்கு வாங்கணும்? காதுக்கு. சப்ரசர் இல்லாத 308 காதருகே 160 டெசிபலைத் தாண்டும். வெடிச்சத்தத்துக்குப் பொதுவா வெச்சிருக்கிற எல்லை 140. 30 குறைஞ்சா எல்லைக்குள்ள வந்திடுது, ஆனா ஓரத்தில்தான் நிக்குது. அதனால் இலக்குப் பயிற்சிக்குப் போறப்போ காதடைப்பானும் சேர்த்துப் போடுங்க. பின்னுதைப்பும் நல்லாவே குறையும். குழல் துள்ளாததால் குண்டு பட்டதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். பட்ட சத்தமும் தெளிவாக் கேட்கும், மானைத் தேடிப் போறப்போ அது பெரிய உதவி. வாயுச் சத்தம் அமுங்கிடுறதால் எந்தத் திசையிலிருந்து வந்ததுன்னு மத்த மான்களுக்குச் சட்டுனு பிடிபடாது. கன்னு போடுற நேரத்தில் பக்கத்து வேலிக்குள்ள இருக்கிற மாடுகளும் மிரளாது. அதை முதலாளி கவனிப்பார்.

சத்தமே இல்லாம சுட ஒலி வேகத்துக்குக் கீழே போற சப்சானிக் தோட்டா 308-இலும் கிடைக்கும். மானுக்கு அதைத் தொடாதீங்க. அந்த வேகத்தில் பெரும்பாலான குண்டு விரியாது, மான் அடிபட்டு ஓடிப்போய் எங்கேயோ சாகும். குழலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற வரிகளின் முறுக்கு அந்தக் கனமான குண்டை நிலைப்படுத்தலன்னா குண்டு தலைகுப்புறப் புரண்டு சப்ரசரின் தகட்டையே இடிக்கும். முயல், பாஸம் (மரமேறுற சின்ன விலங்கு) சுடுற பாயின்ட் 22 ரைஃபிளுக்கு மட்டும்தான் சப்சானிக் சரி, அதில் நெசமாவே சத்தம் அடங்கும்.

வடிவம் ரெண்டு வகை. ஒன்று குழல் முனையில் மட்டும் நீட்டி நிக்கிறது. எடை குறைவு, ஆனா 15-லிருந்து 20 செ.மீ. வரை கூடுது. இன்னொன்று குழல் மேலேயே பின்னோக்கிப் போய் உட்காருற ஓவர்பேரல். முனைக்கு முன்னாடி சுமார் 10 செ.மீ. மட்டும் நீளும், எடை கொஞ்சம் கூட, ஆனா கனம் கைப்பக்கம் வர்றதால் ரைஃபிள் மூக்கு தொங்காது. உங்களுக்கு நான் ஓவர்பேரலைத்தான் சொல்வேன். 22 அங்குலம்னா 56 செ.மீ.; அதில் 18 செ.மீ. முனைச் சப்ரசரை மாட்டினா 74. குவாட் பைக்கிலும் புதரிலும் அது மாட்டிக்கிட்டே இருக்கும். மரை எப்படியும் வெட்டணும், அதே வேலையில் குழலை 18 அங்குலத்துக்குக் குறைச்சிடச் சொல்லுங்க. 46 கூட்டல் 10, மறுபடி அதே 56. குண்டின் வேகம் நொடிக்கு 25-30 மீட்டர் குறையும்; 200 மீட்டருக்குள் சுடுற மானுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. குழல் முனை நோக்கிச் சிறுத்துக்கிட்டே போறதால், வெட்டின இடத்தில் கனம் கொஞ்சம் கூட இருக்கும். மரைக்குப் பின்னாடி சப்ரசர் முட்டி நிக்கிற தோளும் அகலமாக் கிடைக்கும். ஓவர்பேரல் வாங்குமுன் குழலின் வெளிவிட்டத்தைப் பின்புற வளையம் உட்காருற இடத்தில் வெர்னியரால் அளந்துட்டுப் போங்க. கனமான குழல் சில மாடல்களுக்குள் நுழையவே நுழையாது.

மரையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. இங்கே 1/2-20, 1/2-28, 5/8-24, மெட்ரிக்கில் 14-1, 15-1 எல்லாம் புழக்கத்தில் இருக்கு. முதல் எண் விட்டம். அங்குல மரையில் ரெண்டாவது எண் அங்குலத்துக்கு எத்தனை சுத்துங்கிறது, மெட்ரிக்கில் ஒரு சுத்துக்கு எத்தனை மி.மீ.ங்கிறது. 1/2-20 குழலில் 1/2-28 சப்ரசர் ரெண்டு சுத்து ஏறி இறுகிடும். சரியா உட்கார்ந்திடுச்சுன்னு தோணும், ஆனா கோணலா நிக்கும். முதல் குண்டிலேயே தகடு கிழியலாம். சப்ரசரை முதலில் தேர்ந்தெடுத்து, அது எந்த மரைன்னு பார்த்து, அதையே வெட்டச் சொல்லுங்க. மாத்தி செய்யாதீங்க.

வெட்டுற வேலையைத் துப்பாக்கி பழுதுபார்க்கிற கன்ஸ்மித்கிட்டதான் கொடுக்கணும். தெரிஞ்சவர் லேத் வெச்சிருக்கார்னு போனா, குழலின் வெளிப்பக்கத்தைச் சக்கில் பிடிச்சு வெட்டித் தந்திடுவார். துளையின் மையமும் வெளிப்பக்க மையமும் எல்லாக் குழலிலும் ஒன்றா இருக்கிறதில்ல. துளையை வெச்சே மையம் பிடிக்கணும், தோளும் துளைக்குச் செங்குத்தா இருக்கணும். சப்ரசர் தோளில் முட்டித்தான் நிக்கணும், மரை முடிவில் இல்ல. இடைவெளி இருக்குன்னு வாஷரோ டெஃப்லான் டேப்போ வைக்கவே கூடாது.

வாங்கி மாட்டினதும் முதலில் ஒரு பார்வை. துப்பாக்கி காலின்னு உறுதி செஞ்சு, பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைக் கழட்டி, பின்பக்கத்திலிருந்து துளை வழியா வெளிச்சத்தை நோக்கிப் பாருங்க. சப்ரசர் ஓட்டை வழியாத் தெரியுற வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமான முழு வட்டமாத் தெரியணும். ஒரு பக்கம் பிறை மாதிரி மறைச்சிருந்தா சுடாதீங்க, கன்ஸ்மித்கிட்ட திரும்பப் போங்க. சந்தேகமா இருந்தா அவர்கிட்ட நேர்க்கம்பி இருக்கும், அதை விட்டுப் பார்ப்பார்.

துளை அளவு: 30 கேலிபர் சப்ரசரை 308-க்கும் வெச்சுக்கலாம், நாளைக்கு அதைவிடச் சின்னக் குண்டு போடுற 6.5 கிரீட்மோர் அல்லது 243 ரைஃபிள் வாங்கினா அதுக்கும் மாட்டலாம். சத்தம் ஒன்று ரெண்டு டெசிபல் கூடும், அவ்வளவுதான். 6.5 சப்ரசரை 308-இல் மாட்டினா விபத்து. மருந்து அதிகமா உள்ள மேக்னம் தோட்டா போடப் போறீங்கன்னா தயாரிப்பாளர் பட்டியலில் அந்தத் தோட்டாவும் குறைஞ்சபட்சக் குழல் நீளமும் இருக்கான்னு பாருங்க. குறுகின குழலில் எரிஞ்சு முடியாத வெடிமருந்து முதல் தகட்டைத்தான் அறுக்கும்.

அலுமினியம் இலேசு, விலை குறைவு. மான் வேட்டைக்கு வருஷத்துக்குச் சில டஜன் தோட்டா சுடுற ஆளுக்கு அதுவே தாராளம், முதல் தகடு மட்டும் எஃகா இருந்தா இன்னும் நல்லது. டைட்டானியம் இலேசும் உறுதியும், விலை குத்தும், இருட்டில் பொறி பறக்கும். எஃகு ஆயுசுக்கும் உழைக்கும், மலையேறுறப்போ முன்கை சொல்லும். தகடுகளைக் கூட்டிக் குறைச்சுக்கிற மாடுலர் வகை இங்கே டிபிடிங்கிற கம்பெனி அலுமினியத்தில் தருது. பின்லாந்தின் ஏஎஸ்இ உத்ரா கம்பெனி எஃகில் பேர்போனது. உங்க வேலைக்கு அலுமினியமே போதும்.

மாட்டின பிறகு பழைய ஜீரோ (ஸ்கோப்பில் குறிவெச்ச இடத்திலேயே குண்டு படும்படி சரிபண்ணி வெச்சது) செல்லாது. குழல் முனையில் கனம் ஏறினதும் குண்டு படுற இடம் மாறும், பெரும்பாலும் கீழே. 25 மீட்டரில் ஆரம்பிச்சு, 100 மீட்டரில் மூணு மூணா சுட்டு, இடையில் ஆறவிட்டுச் சரிபண்ணுங்க. அப்புறம் கழட்டி மறுபடி மாட்டி இன்னொரு மூணு சுடுங்க; அதே இடத்தில் விழுந்தா நம்பலாம். கழட்டிட்டு வேட்டைக்குப் போறதா இருந்தா அதுக்குத் தனி ஜீரோ. தொடர்ந்து சுட்டா சூட்டில் சப்ரசருக்கு மேலே காத்து அலையடிச்சு இலக்கு ஸ்கோப்பில் நெளியும். சூட்டில் மரை தளர்றதும் உண்டு, இறுக்கிப் பார்க்கிறப்போ வெறுங்கையை வைக்காதீங்க.

இந்த ஊர் ஈரத்தில் அதிகம் கெடுறது குழல் முனைதான். சுட்டதும் உள்ளே கரியும் நீராவியும் சேர்ந்து அமிலமா நிக்கும். வீட்டுக்கு வந்ததும் கழட்டி, துணியில் கவிழ்த்து வெச்சு உலர விடுங்க. மாட்டின நிலையில் இரும்புப் பெட்டியில் பூட்டிடாதீங்க. மரையில் காப்பர் கிரீஸ் லேசாத் தடவினா போதும், அலுமினியம் எஃகோட ஒட்டிக்காது. உள்ளே எண்ணெய் ஊத்தினா முதல் குண்டு எங்கேயோ போகும். சப்ரசருக்கு மேல் போடுற நியோபிரீன் உறை நனைஞ்சா கழட்டிடுங்க. சேறோ பனியோ அடைச்சிருந்தா சுடவே கூடாது.

308 மாதிரி சென்டர்ஃபயர் தோட்டாவுக்கான சப்ரசரை அடிக்கடி கழுவத் தேவையில்ல. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் ஊறப் போட்டா உலோகமே அரிச்சிடும். பாயின்ட் 22-க்கு வாங்கினா மட்டும் பிரிச்சுச் சுத்தம் பண்ற மாதிரி எடுங்க, அதில் ஈயம் அப்பிக்கும். வினிகரும் பெராக்சைடும் கலந்து கழுவச் சொல்வாங்க. அதில் ஈயம் கரைஞ்சு விஷமாகுது, சமையல் தொட்டிப் பக்கமே போகக் கூடாது.

காசைப் பார்த்துப் பழசு வாங்குறதா இருந்தா, முதலில் வெளியேறுற ஓட்டையின் விளிம்பை டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு ஓரத்தில் பளபளன்னு பிறைபோல உரசின தடம் இருந்தா குண்டு இடிச்சிருக்கு. மரைப் பக்கமா உள்ளே பார்த்தா முதல் தகட்டின் துளை வட்டமா இருக்கணும். பூ மாதிரி அரிச்சிருந்தா ஆயுசு முடிஞ்சது. காதருகே வெச்சுக் குலுக்கினா எதுவும் ஆடக் கூடாது. இதில் எது தெரிஞ்சாலும் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.