வக்கீல் வீட்டு வாசலில் இரண்டாவது கார்

கேள்வி: என் கணவர் நாகர்கோவிலில் வக்கீல். எங்கள் குடும்பத்தில் முதல் வக்கீல் அவர்தான். சொத்து வழக்கும் விபத்து இழப்பீட்டு வழக்கும் நிறைய வருகின்றன, நல்ல வருமானம். வாசலில் பெரிய கார் நிற்கும்போதே இன்னொன்று புக் பண்ணப் போகிறார். கையில் விலை உயர்ந்த வாட்ச், போகிற கல்யாணத்துக்கெல்லாம் தங்கக் காசு. கேட்டால், "வண்டியைப் பார்த்துத்தான் கட்சிக்காரன் ஃபீஸ் தருவான்" என்கிறார். வீட்டுச் செலவோ என் ஆசிரியை சம்பளத்தில் ஓடுகிறது. கார் லோனுக்கு என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அன்புள்ள சகோதரி, அவர் சொல்வதில் பாதி சரி. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவரோடு பேச்சே தொடங்காது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். கோர்ட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே வெள்ளைப் பட்டை. புதிதாக வருகிற கட்சிக்காரர் யார் கெட்டிக்காரர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? போர்டில் எழுத முடியாததை வாசலில் நிற்கிற வண்டி சொல்லிவிடுகிறது. முதல் தலைமுறை வக்கீலுக்கு இது வெறும் பந்தாவும் அல்ல. திருவிதாங்கூர் காலத்தில் நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று இருந்ததையும், பின்னாளில் குமரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய வக்கீல் மார்ஷல் நேசமணி அந்த முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததையும் நம் ஊரில் இன்றும் சொல்வார்கள். நாலு பேர் முன்னால் கெத்தாகப் போய் இறங்க வேண்டும் என்கிற ஆசை இந்த மண்ணில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு உங்கள் கணவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த நியாயம் முதல் காரோடு முடிந்துவிட்டது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பாகப்பிரிவினை வழக்குக்காக வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வருகிறவர். இரண்டாவது காரைப் பார்த்ததும் "எல்லாம் நம்ம காசு" என்றுதான் நினைப்பார். அடுத்த ஃபீஸுக்கு இழுக்கத் தொடங்குவார். நல்ல கேஸ்கள் பெரும்பாலும் பழைய கட்சிக்காரர் சொல்லியோ, குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ இருக்கிற இன்னொரு வக்கீல் அனுப்பியோ வருபவை. அவர்கள் விசாரிப்பது அவருடைய குறுக்கு விசாரணையைப் பற்றி. அப்பீல் கேஸ்களுக்கு மதுரை ஓட வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லலாம். சரி, 2004-ல் அங்கே உயர் நீதிமன்றக் கிளை வந்தது முதல் போய் வர ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இடுப்புக்காவது ஒரு நல்ல வண்டி வேண்டும். ஒரு வண்டி!

எனக்குக் கவலை காரைப் பற்றி இல்லை, தவணையைப் பற்றி. மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, நடுவில் கோர்ட் புறக்கணிப்பும் வரும். தவணைக்கு விடுமுறை கிடையாது. 5-ம் தேதி பணம் கட்ட வேண்டியவர் வழக்கைச் சமரசமாக முடிக்கிற லோக் அதாலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்கிற தொகை குறைவு என்று அவருக்கே தெரியும். ஆனாலும் "வாங்கிக்கோங்க, இழுத்தடிக்க வேண்டாம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அங்கே முடிந்த கேஸுக்கு அப்பீல் கிடையாது. விபத்தில் கால் போனவருக்கு அதுதான் வாழ்நாள் பணம். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது விதிப்படி தவறு. கடன் நெருக்கும்போது அதுவும் தவறாகத் தெரியாது. உங்கள் கணவர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேஸை எடுப்பது, எதை எப்போது முடிப்பது என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும், வங்கித் தவணை முடிவு செய்யக் கூடாது.

அதனால் காருக்காகவும் வாட்சுக்காகவும் சண்டை போடாதீர்கள். தங்கக் காசையும் விட்டுவிடுங்கள், நம் பக்கம் அது எப்படியும் திரும்பி வரும். கணக்கைக் கேளுங்கள். அவர் வங்கிக் கணக்கில் கிடப்பதெல்லாம் ஃபீஸ்தானா? கோர்ட் ஃபீ, கோர்ட் நியமிக்கிற கமிஷனருக்கான படி என்று கட்சிக்காரர் கொடுத்ததும் அதிலேயே கலந்திருந்தால் இருப்பு பெரிதாகத்தான் தெரியும். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். வருமான வரியை மார்ச் 15-க்குள் முன்கூட்டியே கட்ட வேண்டும், அதையும் ஒதுக்கச் சொல்லுங்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் எதுவும் வக்கீலுக்கு இல்லை என்பதால் வயதான காலத்துக்கு ஒரு பங்கு. ஆபீஸ் வாடகை, குமாஸ்தா, ஜூனியர் எல்லாம் போக மீதி எவ்வளவு என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அவருக்கே அந்தத் தொகை புதிதாக இருக்கலாம்.

கடைசியாக அந்தக் கையெழுத்து. வக்கீலுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குவது ஊரறிந்த விஷயம். அதனால்தான் உங்கள் சம்பளச் சீட்டு தேவைப்படுகிறது. வாசலில் நிற்கிற கார் கட்சிக்காரரை மயக்குகிறதோ என்னவோ, வங்கி மேனேஜரை மயக்கவில்லை! கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்துப் போட்டால் அவர் தவணை தவறும்போது உங்களிடம்தான் வருவார்கள், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். இப்போது போடாதீர்கள். வீட்டுச் செலவில் அவருடைய பங்கை மாதா மாதம் உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். மே மாதமும் சேர்த்து ஒரு வருஷம் அது தவறாமல் வந்தால், அப்புறம் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.